தண்டு வலிக்குமுன்...



மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பங்கள் பலுகிய நாளின் இரவு அது. சீடர்கள் படகிலே, ஆண்டவர் மலையிலே செபத்தில். எதிர்க்காற்று வீசுகிறது. அவர்கள் தண்டு வலித்துத் துன்புறுவதை அவர் கரையிலிருந்தே காண்கிறார். ஆயினும் அவர்களை நோக்கி அவர் வருவது நான்காம் சாமத்தில்தான். அவர் கடல்மேல் நடந்ததைப் பற்றி நாங்கள் எத்தனையோ பிரசங்கங்கள் செய்துவிட்டோம். அதுவரை அந்த மனிதர்கள் தண்டை விடாமல் வலித்துக்கொண்டிருந்ததைப் பற்றிப் பேசியது குறைவு.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள், யூவன், ஜேமி, லாக்லன் மக்லீன் என்போர், பெரு நாட்டின் லீமாவிலிருந்து ஒரு சிறு படகில் பசிபிக் சமுத்திரத்தில் இறங்கினார்கள். இயந்திரமும் இல்லை, பாயும் இல்லை. 139 நாட்கள் தண்டு வலித்து, ஆகஸ்ட் மாத முடிவில் அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் துறையை அடைந்தார்கள். மடகாஸ்கர் மக்களுக்குச் சுத்தமான குடிநீர் கிடைக்க நிதி திரட்டுவதே நோக்கம். பத்து லட்சம் பவுண் அவர்கள் வைத்த இலக்கு. தாயின் வயிற்றிலேயே இறந்துபோன தங்கள் சகோதரியின் நினைவாக அந்தப் படகுக்குப் பெயரிட்டிருந்தார்கள். வழியில் புயலொன்றில் இளையவரான லாக்லனை அலை படகிலிருந்து அடித்துச் சென்றது. மூத்தவர் பிடித்து இழுத்து ஏற்றினார்.

பத்திரிகைகள் இவற்றை எழுதின. என் மனம் நின்றதோ இதற்கு முந்திய காலத்தில்.

இப்படிப்பட்ட தரும யாத்திரைகள் இன்று பல நடக்கின்றன. கனேரித் தீவுகளில் லா கொமேராவிலிருந்து அன்ரிகுவா வரை, ஏறத்தாழ 3,000 மைல், டிசம்பர் மாதத்தில் படகுகள் புறப்படுகின்றன. மக்லீன் சகோதரர்களும் 2019இல் அங்கேதான் தொடங்கினார்கள். 35 நாட்களில் கடந்தார்கள். அதற்கு முன் அவர்கள் சமுத்திரத்தில் தண்டு வலித்தவர்கள் அல்லர். இந்த வழியிற் போகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்று: கடலைக் கடப்பதைவிட, புறப்படும் துறைக்கு வந்து சேர்வதே கடினம்.

ஏன்? படகு வாங்க வேண்டும். அதற்காக வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கேட்க வேண்டும். இல்லையென்ற பதிலைச் சிரித்த முகத்தோடு வாங்க வேண்டும். வேலை முடிந்து வந்து, வீட்டு மூலையில் ஓர் இயந்திரத்தில் அமர்ந்து மணிக்கணக்காக இழுக்க வேண்டும். உயிர் காத்தல், முதலுதவி, வானொலிக் கருவி, திசை பார்த்தல் எல்லாம் கற்க வேண்டும். இரவிலே கடலில் வலித்துப் பழக வேண்டும். கடலில் வழக்கமான முறை இரண்டு மணி நேரம் வலிப்பதும் இரண்டு மணி நேரம் ஓய்வதும். இரவும் பகலும் அப்படியே. உண்பதைவிடச் செலவாகும் சக்தி அதிகமாதலால், புறப்படுமுன் வேண்டுமென்றே உண்டு உடம்பைப் பெருக்கிக்கொள்வார்கள். (தவக்காலத்துக்கு முந்திய கிழமையில் எங்களிற் சிலர் செய்வதும் இதுவே. ஆனால் நாங்கள் பிறகு வலிப்பதில்லை!)

அந்தப் படகுகளின் அமைப்பில் ஒரு விஷயம் என்னைச் சிந்திக்க வைத்தது. அலையில் கவிழ்ந்தாலும் அவை தாமாகவே நிமிரும். எப்போது? முனையிலுள்ள சிற்றறைகளின் கதவுகள் மூடியிருந்தால் மாத்திரம். உள்ளே அடைபட்ட காற்றுத்தான் படகை நிமிர்த்துகிறது. வெயிலில் அந்த அறை அடுப்புப் போலக் கொதிக்கும். கொஞ்சம் திறந்து வைப்போம் என்று தோன்றும். ஆகவே கரையிலேயே, அலையில்லாத இடத்திலேயே, ஒவ்வொரு முறையும் மூடிப் பழகுகிறார்கள். சோதனை வேளையில் புதிதாக ஒரு நற்பழக்கத்தைத் தேடிக்கொள்ள நேரமிராது. பிள்ளைகளுக்கு மாலைச் செபம் பழக்கும் பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குடிநீரும் அப்படியே. சூரிய ஒளியில் இயங்கும் கருவி கடல்நீரை நன்னீராக்குகிறது. நல்ல தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கும் தீவகத்து வாசகர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இங்கே ஒரு கேள்வி எழும். இத்தனை செலவு ஏன்? படகின் விலையை நேரே ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே? பெத்தானியாவில் பரிமளதைலம் வார்க்கப்பட்டபோதும் ஒருவன் இப்படித்தான் கேட்டான். அவன் யூதாஸ் என்பதற்காக அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. படகுச் செலவுக்கு ஒரு கணக்கு, தருமப் பணத்துக்கு வேறு கணக்கு என்று வைத்து, பயணத்தின் பின் படகை விற்று, ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறவர்களை நான் மதிக்கிறேன். வீரப் பயணத்துக்குத் தருமத்தைப் போர்வையாக்குகிறவர்களும் இருக்கலாம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்ன ஆண்டவர், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கவும் சொன்னார். ஊர் அறியாமல் நிதி திரட்ட முடியாது. ஊர் அறிந்தால் தற்பெருமை வந்துவிடும். இந்த இக்கட்டு எங்கள் பங்குச் சபைகளுக்கும் உண்டு.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தவக்கால உண்டியலைப் பற்றி ஞாயிறுதோறும் பேசிய நான், சென்ற ஆண்டு குருத்து ஞாயிறு மாலையில்தான் என்னுடையதைத் தேடி எடுத்தேன். சட்டைப் பையில் இருந்ததை அள்ளிப் போட்டேன். நாற்பது நாட்களின் ஒறுத்தல் நாற்பது வினாடியில் முடிந்தது. பணம் பணந்தான், யாருக்கோ உதவியிருக்கும். ஆனால் அந்த நாற்பது நாளும் அந்த ஏழையை நான் ஒருமுறையேனும் நினைத்ததில்லை.

இந்தச் சகோதரர்களின் கதையை, திருப்பலி முடிந்து நின்ற வயோதிபக் கடற்றொழிலாளி ஒருவருக்குச் சொன்னேன். இயந்திரம் வருமுன் தண்டு வலித்தே தொழில் செய்தவர். வியந்து போவார் என்று எதிர்பார்த்தேன்.

“இஞ்சின் இல்லாமலோ, சுவாமி?”

“இல்லாமல்தான்.”

“கூலி?”

“அதுவும் இல்லை. தண்ணியில்லாத சனத்துக்காக.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தமது உள்ளங்கையை விரித்து, காய்ப்பு விழுந்த இடத்தை மறுகை விரலால் தடவினார்.

“இந்தக் கை பதப்பட ஒரு வருசத்துக்கு மேலை செண்டது, சுவாமி. அதுமட்டும் இரத்தந்தான். அவங்கள் எப்ப துவங்கினவங்களாம்?”

139 நாட்களையும் எண்ணி வைத்திருந்த எனக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை.