ரஸனையா, பழக்கமா?

சுருட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சுருட்டுக்குச் சிபாரிசு செய்ய நான் வரவில்லை. அது வாயையும் தொண்டையையும் அரித்துவிடும் வஸ்து என்பதில் வைத்தியர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்திக்கொண்டாலும் புற்றுநோய்க்கு அது வழி செய்கிறது. என்னுடைய கேள்வி வேறு. ஒரு பொருளை நிதானமாக, நுணுக்கமாக ரஸிக்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பழக்கம் உயர்ந்ததாகிவிடுமா?

நல்ல சுருட்டை ரஸிப்பது ஒரு சாஸ்திரம் என்றே சொல்கிறார்கள். புகையிலைச் செடியின் உச்சியில், வெயிலை நிறையக் குடித்த இலைதான் காட்டமானது. இலைகளை அம்பாரமாக அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். அம்பாரத்தைப் பிரித்து மாற்றி அடுக்கிக்கொண்டே வர, நெடி வெளியேறும். பிறகு சுருட்டி, தேவதாரு மரப் பெட்டியில், காற்றின் ஈரம் கூடாமலும் குறையாமலும் வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள். முரட்டுக் காட்டம் அடங்கி, மரத்தின் வாசனையும் தோலின் வாசனையும் மெல்லிய இனிப்பும் மேலே வரும். ரஸிகர் அதை அவசரமாகப் பற்ற வைக்க மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பற்ற வைத்த பின் நிமிஷத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முதற் பகுதிக்கு ஒரு ருசி, நடுப்பகுதிக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்று. முடிவில் நசுக்கி அணைக்கமாட்டார். தானாக அணையும்படி விட்டுவிடுவார்.

பொறுமை, கவனம், அடக்கம். இத்தனை நல்ல குணங்களையும் ஒரு கெட்ட வஸ்து கற்றுக் கொடுக்கிறதே என்று மலைப்பாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் கியூபா தேசத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டுகள் கப்பலேறிச் சீமைக்குப் போன காலம் உண்டு. ஆனால் நம்மிடையே ஒரு வேடிக்கை இருக்கிறது. மாளிகையில் சாய்வு நாற்காலியில் கிடப்பவர் வாயிலுள்ள சுருட்டுக்கு ரஸனை என்று பெயர். வரப்பில் குந்தியிருப்பவர் வாயிலுள்ள சுருட்டுக்குக் கெட்ட பழக்கம் என்று பெயர். இலை என்னவோ ஒன்றுதான்.

சில வருஷங்களுக்கு முன், புதுச்சேரிக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் செல்லிப்பட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கிழவர், பாதி புகைத்த சுருட்டைக் கல்லில் பக்குவமாக ஒற்றி அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"ஏன் பெரியவரே, மீதியை வைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"இப்பவே ஊதித் தீத்துட்டா, சாயங்காலத்துக்கு என்னா இருக்குது தம்பி?"

பேச்சு வளர்ந்தது. வாங்கிய சுருட்டை அவர் உடனே தொடுவதில்லையாம். சட்டியில் போட்டு மூடி, பரணில் சில வாரம் வைத்து, "காட்டம் தணிஞ்ச பொறவு"தான் எடுப்பாராம். மழைக்காலத்துச் சுருட்டின் ருசி வேறு, கோடைச் சுருட்டின் ருசி வேறு என்றார். தேவதாருப் பெட்டிக்காரர் இதைவிட அதிகமாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

கிழவரின் நிதானம் ரஸனையா, வறுமையா என்று நீங்கள் கேட்கலாம். கையில் நாலு காசு புரண்டிருந்தால் நாளைக்குப் பத்து ஊதியிருப்பார் என்றும் சொல்லலாம். இருக்கட்டும். பணக்காரர் மனசால் போட்டுக்கொள்ள வேண்டிய வேலியை ஏழைக்கு அவன் மடியே போட்டுவிடுகிறது. அதனால் அவன் நாக்குக்குத் தெரிந்த நுட்பம் பொய்யாகிவிடுமா?

ஆனால் நான் இன்னொன்றும் கேட்டேன்: "விட்டுவிட முடியுமா, பெரியவரே?"

அவர் சிரித்தார். "நான் எங்க தம்பி விடறது? அதுதான் என்னெ விடணும்."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. மனோதத்துவ மேதை ஃப்ராய்டும் இதே பதிலைத்தான் தம் வாழ்க்கையால் சொன்னார். தமது உழைப்புக்கே சுருட்டுதான் துணை என்று நம்பியவர் அவர். 1923-ல் அவர் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட சத்திர சிகிச்சைகள் நடந்தன. 1939-ல் கண் மூடும் வரையில் அந்த நோயோடுதான் போராடினார். ஆனாலும் சுருட்டை உதறவில்லை. உலகத்தார் மனசின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துக் காட்டியவருக்குத் தம் கைவிரலுக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழவில்லை.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கதை இன்னும் ருசிகரமானது. 1962 பிப்ரவரியில் கியூபாவுடன் வியாபாரத்தைத் தடை செய்ய அவர் தீர்மானித்திருந்தார். முதல் நாள் மாலை தம் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, மறுநாள் காலைக்குள் ஆயிரம் கியூபா சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் 1,200 சேகரித்து வந்தார். அதைக் கேட்ட பிறகே கென்னடி தடை உத்தரவில் கையெழுத்திட்டாராம். சாலிஞ்சரே பிற்காலத்தில் எழுதிய செய்தி இது. தேசத்துக்கெல்லாம் விரதம், தலைவர் வீட்டில் மட்டும் பலகாரம்!

மேதை, ஜனாதிபதி, செல்லிப்பட்டுக் கிழவர் மூவருமே சுருட்டின் அருமை அறிந்தவர்கள். அந்த அறிவு மூவரில் ஒருவரையும் சுதந்திர மனிதராக்கவில்லை. ரஸனை அடிமைத்தனத்தைப் போக்குவதில்லை. அதற்கு ஜரிகை அங்கவஸ்திரம் போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். சுருட்டுக்கு மட்டுமா இது? காப்பிக்கும், சங்கீதக் கச்சேரிக்கும், நாங்கள் எழுதும் தொடர்கதைக்குங்கூடப் பொருந்தும்.

அப்படியானால் ரஸிகனையும் அடிமையையும் எப்படிப் பிரித்து அறிவது? வஸ்து கையில் இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. இருவரும் ஒரே மாதிரிதான் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அது கிடைக்காத நாளில் பார்க்கவேண்டும். நினைவே போதுமென்று வேலையைப் பார்ப்பவன் ரஸிகன். வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்து விழுகிறவன் அடிமை.

நம் கிராமத்து எல்லையில் முனீசுவரனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பார்கள். அது அவர் முன்னால் தானாகவே புகைந்து, தானாகவே அணையும். படையல் இல்லாத நாட்களிலும் அவர் காவலுக்கு நிற்கத் தவறுவதில்லை. சுருட்டு எங்கே என்று ஒருவரையும் கேட்பதும் இல்லை.