வாவிக்கரையும் வாழ்வுரிமையும்

ஒருவருக்கு நன்மை செய்வதற்காக அவரை அவருடைய இடத்திலிருந்து எழுப்பி வேறோர் இடத்தில் வைக்கலாமா? அவர் விட்டுச் சென்ற இடம் பின்னர் இன்னொருவருக்கு இலாபம் தருமாயின், செய்யப்பட்டது யாருக்கான நன்மை?

நகர அபிவிருத்தி பற்றிய பேச்சுக்களில் மாடிகளின் எண்ணிக்கையும் முதலீட்டின் தொகையும் வருகின்ற அளவுக்கு இக்கேள்விகள் வருவதில்லை. நான் பொருளியலாளன் அல்லன். கட்டடக் கலையும் அறியேன். கிழக்கின் கடலோரக் கிராமமொன்றில் பிள்ளைகளுக்குத் தமிழும் குடியியலும் கற்பிக்கின்ற ஓர் ஆசிரியன். ஆயினும் நீரோரத்திலிருந்து மனிதர்கள் அப்புறப்படுத்தப்படும் விடயத்தில் எங்கள் பக்கத்துக்கும் ஓர் அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தோடுதான் கொழும்பின் பேரை வாவிக்கரையைப் பார்க்கின்றேன்.

பேரை வாவி தானாக உண்டான ஏரியன்று. அந்நியர் ஆட்சியில் கொழும்புக் கோட்டையின் பாதுகாப்புக்காகப் பெருக்கப்பட்ட நீர்நிலை அது. அதன் கரையிலுள்ள கொம்பனித்தெருவில்தான் ஒல்லாந்தர் தமது ஆபிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். 'அடிமைத் தீவு' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் அவ்விடத்துக்கு வந்தது அதனாலேயே. ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ப் படைவீரர்களின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. இலங்கை றைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது; குடும்பங்கள் கலையவில்லை. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி என்ற பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. பின்னர் வாவியின் ஓரத்தில் பண்டகசாலைகள் எழுந்தன. தேயிலைப் பெட்டிகளும் பிற சரக்குகளும் படகுகளில் துறைமுகத்துக்குப் போயின. சுமை தூக்கவும் தைக்கவும் சமைக்கவும் மலாயரோடு சோனகரும் தமிழரும் சிங்களவரும் வந்து ஒழுங்கைகளை நிறைத்தனர்.

காலம் மாறிச் சரக்கு லொறிக்கு மாறியது. படகுகள் நின்றன. நகரின் கழிவுநீர் வாய்க்கால்கள் வாவியில் வந்து விழுந்தன. நீர் பச்சை பிடித்து நாறியது. அந்தக் காலத்தில் அக்கரைக்கு எவரும் போட்டியிடவில்லை. கட்டடங்கள் வாவிக்கு முதுகு காட்டி நின்றன. நுளம்போடும் நாற்றத்தோடும் குடியிருந்தவர்கள் அந்த ஒழுங்கைகளின் மக்கள் மட்டுமே.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இராணுவத்தினரும் பொலிஸாரும் நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களில் உறுதி வைத்திருந்தோரும் இருந்தனர். பின்னர் நகரம் முழுவதற்குமான திட்டம் வந்தது. கொழும்பு மாநகரில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்கின்றன என்றும், இவர்கள் நகர மக்களில் பாதிக்கு மேல் என்றும், இவர்கள் இருக்கும் நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர் என்றும் அதிகாரசபை கணக்கிட்டது. இவர்களைத் தொடர்மாடிகளில் ஏற்றிவிட்டு, விடுபடும் நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடுத்து, அப்பணத்தால் மேலும் மாடிகள் கட்டுவது என்பதே திட்டத்தின் சாரம். பெறுமதிமிக்க நிலம் பயனற்றுக் கிடக்கின்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

அந்தக் கணக்கை நான் வகுப்பறைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் 160 பேர்ச். 900 ஏக்கர் என்றால் 1,44,000 பேர்ச். குடும்பங்களால் வகுத்தால் தலைக்கு இரண்டு பேர்ச்சுக்குச் சற்றுக் கூட வருகின்றது. பாதையும் கழிவுக் கானும் பொதுக் குழாயடியும் அதற்குள்ளேதான். எங்கள் ஊரில் இரண்டு பேர்ச் என்பது கிணற்றடிக்கே போதாது. நகரின் பாதிச் சனம் பத்திலொரு பங்கு நிலத்தில் ஒடுங்கி வாழ்ந்திருக்கின்றது. நிலத்தை இவர்களைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்திய ஒரு வகுப்பாரைக் கொழும்பில் காட்ட முடியுமா? 'பயனற்றுக் கிடக்கும் நிலம்' என்பதில் பயன் என்ற சொல்லுக்கு விற்பனை விலை என்ற ஒரே பொருள்தான் வைக்கப்பட்டிருக்கின்றது. இதே நகரத்தில் 2014 முதல் 2019 வரை கடலை நிரப்பி 269 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 665 ஏக்கர் நிலம் துறைமுக நகரத்துக்காக உண்டாக்கப்பட்டது. இல்லாத நிலத்தை உண்டாக்க இயலுமாக இருந்த நாட்டில், இருந்த நிலத்தில் இருந்தவர்களுக்கு இடம் போதவில்லை.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒழுங்கை வாழ்வை இலக்கியம் சில வேளை அழகுபடுத்திவிடுகின்றது. பொது மலசலகூடத்தின் முன் விடியற்காலை வரிசையில் நிற்கின்ற பெண் பிள்ளைக்கு அதில் ஓர் அழகும் இல்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் கழிவுநீர் வரும். தலைநகரில் தொடர்மாடிக்குப் போன உறவுக்காரர் எனக்கும் உண்டு. ராத்தா முறையான ஒருவரிடம், வீடு எப்படி என்று கேட்டேன். "ஊடு நல்லம் தம்பி. கதவச் சாத்தினா நம்மட ஊடு. கக்கூசும் நமக்கெண்டு தனியா இரிக்கி. வாசல்தான் இல்ல" என்றார். வாசல் என்று அவர் சொன்னது கதவை அன்று. முன்பு காலையில் வாசலில் அடுப்பை வைத்து இடியப்பமும் அப்பமும் விற்பார். தெருவே அவரது கடை. இப்போது எட்டாவது மாடி. லிப்ட் வேலை செய்யாத நாளில் இடியப்பம் வாங்க எட்டு மாடி ஏறி யார் வருவார்? மாதத் தவணையும் மின் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் மட்டும் தவறாமல் ஏறி வருகின்றன. அவருக்குக் கிடைத்ததும் உண்மை. அவர் இழந்ததும் உண்மை. கொடுத்த பட்டியலில் வீடு இருந்தது. எடுத்த பட்டியலில் இருந்த தொழிலையும் அயலையும் எவரும் எழுதவில்லை.

இந்தச் சிந்தனை கொழும்பில் பிறந்ததன்று. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரம் இதற்கு உலகம் காட்டும் முன்மாதிரி. உருக்கு ஆலையும் துறைமுகமும் தளர்ந்து, வசதியுள்ளோர் புறநகருக்குப் போய்விட, வாடிக்கிடந்த நகரம் அது. அதன் உட்துறைமுகக் கரையில் 1980இல் கடைத்தொகுதியும் 1981இல் மீன் காட்சியகமும் திறக்கப்பட்டன. கோடிக்கணக்கில் உல்லாசப் பயணிகள் வந்தனர். உலகின் பல துறைமுக நகரங்கள் அதைப் பார்த்துப் படித்தன. ஆனால் கரைக்கு இரண்டொரு மைல் உள்ளே கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் வீடுகள் பலகை அடிக்கப்பட்டு வெறுமையாகவே நின்றன. 1950இல் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சமாக இருந்த நகரின் சனத்தொகை 2020இல் ஆறு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2015இல் பொலிஸ் காவலில் காயமடைந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் மரணத்தையடுத்து நகரம் கொந்தளித்தபோது, அந்த உள்தெருக்களை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. கரையிலிருந்த கடைத்தொகுதியும் தளர்ந்து 2019இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் போயிற்று. 2024 நவம்பரில் அக்கரையில் உயர்மாடிகளுக்கு இடமளிப்பதா என்று நகர வாக்காளரிடம் கேட்கப்பட்டது. அவர்கள் ஆம் என்றனர். அத்தீர்ப்புச் சரியோ பிழையோ, வாக்குச் சீட்டில் கேட்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். கரையை அழகாக்கினால் அதன் நன்மை உள்ளே தானாகப் பாயும் என்ற நம்பிக்கை அங்கு மெய்ப்படவில்லை.

கிழக்கின் அனுபவத்துக்கு வருகின்றேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனது. சில வாரங்களில் அரசாங்கம் ஒரு தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. உயிர்ப் பாதுகாப்பே காரணம் என்றார்கள். ஆனால் உல்லாசப் பயணத்துறைக் கட்டடங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. வாப்பா காலத்திலிருந்து தோணி வைத்திருந்தவருக்கு ஆபத்தான கரை ஹோட்டலுக்கு ஆபத்தற்றதானது எவ்வாறு என்று ஊரில் கேட்காதவர் இல்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டது. எனினும் அந்த ஓராண்டில் நாங்கள் ஒன்றைப் படித்துக்கொண்டோம். 'உன் நன்மைக்காகவே உன்னை எழுப்புகின்றோம்' என்று சொல்பவரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'நான் எழுந்த பிறகு அங்கே யார் உட்காருவார்?' என்பதே.

அறவியலில் இக்கேள்விக்கு இரு வழியாக விடை தேடலாம். பெருந்தொகையானோரின் பெருநன்மை என்ற பெந்தாமின் வழி ஒன்று. அதன்படி வாவிக்கரையில் ஹோட்டல் எழுந்தால் அந்நியச் செலாவணி வரும், வேலை வரும், வரி வரும்; சில ஆயிரம் குடும்பங்களின் இழப்பு அந்தக் கூட்டலில் கரைந்துபோகும். ஆனால் இழப்பவர் ஒருவராகவும் பெறுபவர் இன்னொருவராகவும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டுவதற்கான அதிகாரத்தை யார் தந்தார்? 2022இன் நெருக்கடியில் சில கோபுரங்கள் கொங்கிறீற் எலும்புக்கூடுகளாக நின்றபோது, வருமென்று சொல்லப்பட்ட நன்மையே வராமற் போகலாம் என்பதும் தெரிந்தது.

மற்றைய வழி ஜோன் றோல்ஸ் 1971இல் தமது நூலில் காட்டியது. சமூகத்தில் உன் இடம் எதுவென்று அறியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகு என்றார் அவர். பதினொராந் தரத்து மாணவரிடம் இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். 'ஒரு நகரத்து வாவிக்கரையை வரையுங்கள். நீங்கள் அங்கே ஹோட்டல் முதலாளியா, இடியப்பக்காரியா, ஓட்டோ ஓட்டுபவரா என்பது வரைந்து முடிந்த பிறகே தெரியும்' என்றேன். அநேகர் ஹோட்டலை அழிக்கவில்லை. அங்கே வேலை கிடைக்கும் என்றார்கள். ஆனால் எவரும் கரை முழுவதையும் அதற்குக் கொடுக்கவில்லை. வீடுகளை இரண்டு மூன்று மாடிகளாகவே வைத்து, கீழே கடை வைத்தார்கள். எல்லோருடைய படத்திலும் நீர்வரை போகும் ஒரு பொதுப் பாதை இருந்தது. அவர்களுக்கு நகரத் திட்டமிடல் எதுவும் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகின்றேன். ஒரு கரை நாறியபோது அங்கே இருந்தவர்களுக்கு, அது மணக்கும்போதும் அங்கே இருக்க உரிமை உண்டு. இது இரக்கத்தால் கொடுக்கவேண்டியதன்று. அந்நிலத்தின் விலை உயர்ந்தது எதனால்? பொதுப் பணத்தால் வாவி துப்புரவாக்கப்பட்டது. பொதுப் பாதைகள் போடப்பட்டன. அருகிலுள்ள கோட்டையும் துறைமுகமும் ஹோட்டல்களும் அந்த ஒழுங்கைகளிலிருந்து போன கைகளால் இயங்கின. உயர்ந்த விலையில் அவர்களுடைய உழைப்பும் பொறுமையும் இருக்கின்றன. அதில் பங்கில்லை என்பது கடன் கொடுத்தவனுக்கே கணக்கைக் காட்ட மறுப்பதாகும்.

ஆகவே எந்தத் திட்டத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம் என நினைக்கின்றேன். எழுப்பப்படுபவர் தன் தொழிலுக்கும் பிள்ளையின் பாடசாலைக்கும் நடந்துபோகும் தூரத்திலேயே மீண்டும் வைக்கப்படுகின்றாரா? கொம்பனித்தெருவில் சிலருக்கு அதே பகுதியில் மாடி வீடு என்று வாக்களிக்கப்பட்டது. வாடகைப் பணத்தோடு வெளியே போய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தாமதத்தைக் கண்டித்தாலும் அந்த வழி சரியான வழியே. இரண்டாவது, அவருடைய மொழியில், மறுக்கும் உரிமையோடு, முன்கூட்டியே அவரிடம் கேட்கப்பட்டதா? மூன்றாவது, நீரின் ஓரம் மட்டுமாவது எவருக்கும் விற்கப்படாமல் விடப்படுகின்றதா?

மூன்றாவது கேள்விக்குக் கொழும்பிலேயே பழைய விடையொன்று இருக்கின்றது. காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைத் தமக்குப் பின்வருவோரின் பொறுப்பில் விடுவதாகக் கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். ஆனால் அந்தத் திடல் எல்லாருடையதுமாயிற்று. பட்டம் விடும் பிள்ளைகளும், இறால் வடை விற்பவரும், பெருநாள் மாலையில் புத்தாடையோடு வரும் குடும்பங்களும் அங்கே எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. 2022இல் நாட்டு மக்கள் ஆட்சியாளரைக் கேள்வி கேட்க ஒன்றுகூடியதும் அங்கேதான்.

வாவிக்கரையில் இன்று கண்ணாடி மாடிகள் நிற்கின்றன. மாலையில் அவற்றின் விளக்குகள் நீரில் தெரிவது அழகாகத்தான் இருக்கின்றது. அவற்றை இடிக்கவேண்டும் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒழுங்கைகள் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. திட்டங்களும் இன்னும் முடியவில்லை. அடுத்த ஒழுங்கைக்குப் போகுமுன், அந்த இரண்டு பேர்ச்சுக்குப் பதிலாக இதுவரை என்ன கொடுத்தோம் என்ற கணக்கை, கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே மேசையில் இருந்து ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.