இடிந்த வீட்டின் சித்திரம்



சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள ஊழியர் விடுதி ஒன்றில் தங்கி, வாரத்தில் ஆறு நாளும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தஞ்சைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஞாயிற்றுக்கிழமையன்று தேக்கா கடைவீதிக்குக்கூடப் போகாமல், முழ அகலமும் இல்லாத ஒரு காகிதத்தில் தைல வர்ணத்தால் தம் வீட்டைத் தீட்டிக்கொண்டிருக்கக் கண்டேன்.

தைல வர்ணத்துக்குக் காகிதம் உகந்ததன்று என்பது பொதுவான அபிப்பிராயம். வடை வைத்த செய்தித்தாளில் எண்ணெய் படர்வதுபோல, ஆளிவிதை எண்ணெயும் வெறுங்காகிதத்தில் ஊறி, வர்ணத்தைச் சுற்றி மஞ்சள் வளையமிட்டு, நாளடைவில் காகிதத்தையே நொறுங்கச் செய்துவிடும். ஆதலால் கனத்த பருத்திக் காகிதத்தில் வஜ்ஜிரப் பசையை நீர்க்கக் காய்ச்சிப் பூசி, உலரவிட்டு, மறுபடியும் பூசிய பின்பே தூரிகையைத் தொடவேண்டும். கலம்காரித் துணியில் சாயம் ஓடாதிருக்கக் கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றுகிறார்களே, அதற்கு நிகரான சூட்சுமம் இது. இதை நான் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கியதும் தம்பி, “பிரைமர் அடிக்காம எந்தச் சுவருக்கு அண்ணே பெயிண்ட் அடிப்போம்?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் தேசத்து ஓவியர் 1782-ஆம் ஆண்டு வாக்கில் நேப்பிள்ஸ் நகரத்துச் சுவர் ஒன்றை இவ்வாறே காகிதத்தில் தீட்டினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அச்சித்திரத்தின் அகலம் 16 சென்டிமீட்டர்தான். அதில் மாளிகையுமில்லை, கோபுரமுமில்லை. காரை உதிர்ந்த சுவரும், ஒரு சிறு மாடமுகப்பில் காயும் துணிகளும், அதன் கீழே நீர் வழிந்த கறையுமே உள்ளன. மூங்கில் கழிகளில் துணி காயும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதனினும் சத்தியமான வீட்டுச் சித்திரம் வேறொன்று தோன்றவில்லை.

தம்பி தீட்டும் வீடோ இன்று ஊரில் இல்லை. அவர் இங்கிருந்து அனுப்பிய பணத்தில்தான் அந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்பியிருக்கிறார்கள். புது வீட்டின் புகைப்படங்கள் கைப்பேசியில் ஏராளமாக இருக்கின்றன. பழைய வீட்டை யாரும் படமெடுத்து வைக்கவில்லை. ஆயினும் ஐப்பசி மழையில் சுவரில் ஈரம் எதுவரை ஏறும், தகப்பனார் சாய்ந்து சாய்ந்து திண்ணையோரத்துச் சுண்ணாம்பு எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதையெல்லாம், நாள் முழுதும் சுவர்களோடு பழகும் அவர் கை மறக்கவில்லை.

ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகுவது. விளக்குமாடத்துக்கு மேலே படிந்திருந்த புகைக்கரியை அவர் இன்னும் தீட்டவில்லை. வெள்ளை இறுகுவதற்கு முன் கருமையை வைத்தால் இரண்டும் கலங்கிவிடும் என்று, அடுத்த ஞாயிறு வரையில் அந்தக் காகிதத்தைக் கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்.