ஒளிவட்டம் இல்லாத புனிதம்

கண்ணுக்குப் புலப்படுவதை மட்டுமே தீட்டுவதென உறுதிபூண்ட ஓர் ஓவியர் கண்ணுக்குப் புலப்படாத இறைமையை எவ்வாறு காட்ட இயலும் என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சமய ஓவியத்தின் அடித்தளத்தையே தொட்டது. தூயோரின் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டமும் பின்புலத்தில் பூசப்பட்ட பொன்னும், அவர்கள்மீது படரும் ஒளி இவ்வுலகத்துக் கதிரவனுடையதன்று என்று அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக அறிவித்துவந்தன. திறந்தவெளி ஓவியமுறையோ, அதாவது கூடத்துக்குள் ஒளியைக் கற்பித்துக்கொள்ளாமல் தோட்டத்திலும் காட்டோரத்திலும் நின்று அவ்வேளையின் வெயிலையும் நிழலின் நிறத்தையும் நேரிற்கண்டு தீட்டும் முறை, அத்தகைய தனி ஒளிக்கு இடம் வைக்கவில்லை.

ஹங்கேரிய ஓவியர் காரோய் ஃபெரென்ட்ஸி (1862–1917) இவ்வினாவைத் தம் தூரிகையால் எதிர்கொண்டவர். சிமோன் ஹொல்லோஷியின் தலைமையில் 1896-ஆம் ஆண்டு நாஜ்பான்யா என்னும் சுரங்க நகரில், இன்று ருமேனியாவின் பாயா மாரே எனப்படும் ஊரில், கூடிய ஓவியர் குழுவின் முதல்வர்களுள் ஒருவரான அவர், அவ்வாண்டிலேயே இயேசுவின் மலைப்பொழிவை ஓவியமாக்கினார். பழைய பாலஸ்தீனத்தை மீட்டமைக்க முயலாமல், வெவ்வேறு காலங்களின் உடையணிந்தோரை ஒரே இயற்கைச் சூழலில் கேட்போராக அமர்த்தினார். 1898-இல் தீட்டிய கீழ்த்திசை ஞானியர் மூவரும் குதிரையேறிக் காட்டுவழியே செல்கின்றனர்.

புனிதத்தை அன்றாட வெயிலில் நிறுத்துவது அதனை வெறும் இயற்கைக் காட்சியாகச் சுருக்கிவிடும் என்னும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், தீயோர்மீதும் நல்லோர்மீதும் கதிரவனை ஒருபடித்தாய் உதிக்கச் செய்பவர் இறைவன் என்னும் கருத்து, மத்தேயு நற்செய்தியின் அந்த மலைப்பொழிவிலேயே இடம்பெற்றுள்ளது. அவ்வாறாயின், தகுதி பாராமல் வழங்கப்படும் கொடை எனச் சமயம் விளக்கும் அருளுக்கு, எவர்மீதும் விழும் வெயிலைவிடப் பொருத்தமான அடையாளம் வேறில்லை. ஒருவரைப் பிறரினின்று பிரித்துக்காட்டும் ஒளிவட்டமே அப்போதனைக்குத் தொலைவானதாகிறது.

இங்கிருந்து கடினமான சிக்கல் தொடங்குகிறது. ஃபெரென்ட்ஸி 1900-இல் யோசேப்பை அவன் உடன்பிறந்தோர் விற்பதையும், 1901-இல் மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமையும் தீட்டியபோது, விற்பவனையும் விற்கப்படுபவனையும், கொல்ல வந்தவனையும் கொல்லப்பட இருந்தவனையும் ஒரே இயற்கையின் ஒளியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. பாரபட்சமற்ற அருள் அநீதியின்பால் அக்கறையற்றதாகிவிடாதா? ஆகாது என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் வெயில் தீர்ப்புச் சொல்வதில்லையாயினும், செயலை மறைய விடுவதுமில்லை, மன்னிப்போ தண்டனையோ வருமுன் நடந்தது நடந்தபடி காணப்படவேண்டும் என்பது அறத்தின் முதல் தேவை.

கிறிஸ்துவின் உடலைச் சிலுவையினின்று இறக்கும் காட்சியையும், தோட்டத்து வெள்ளைக் குடையையும் மேசையையும் கொண்ட ‘அக்டோபர்’ ஓவியத்தையும் அவர் 1903-ஆம் ஆண்டிலேயே தீட்டினார். முன்னதைச் சமய ஓவியம் என்றும் பின்னதை வெறும் ஒளிப்பயிற்சி என்றும் பிரிக்கும் வழக்கம் தவறானது; இரண்டிலும் செயற்படும் இறையியல் ஒன்றே.