வயதைக் கேட்கும் வினா

2020 மார்ச் 18 அன்று இரவு, இத்தாலியின் பெர்கமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இராணுவ வண்டிகள் வரிசையாகச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோம். கண்டவுடன் நம் மனத்தில் எழுந்த வினா எது? "இறந்தவர்களுக்கு என்ன வயதிருக்கும்?" என்பதே. பெரும்பாலோர் முதியோர் என்று அறிந்தபோது நெஞ்சின் ஒரு மூலையில் சற்றே ஆறுதலும் பிறந்தது. இழவு வீட்டு வாசலில் நாம் வழக்கமாகக் கேட்கும் வினாதான் அது; குருக்களாகிய நாமும் கேட்கிறோம். அந்த ஆறுதல் நேரியதுதானா?

கொரோனா நோயின் கடுமை வயதோடு ஏறுகிறது என்பது மறுக்கவொண்ணா உண்மை. தடுப்பூசி வருமுன், 2020-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணிப்பின்படி, நோய் தொற்றியவருள் இறப்போர் 25 வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர்; 55 வயதில் ஆயிரத்துக்கு நால்வர்; 75 வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர்; 85 வயதிலோ நூற்றுக்குப் பதினைவர். நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. எனவே, முன்பின் கண்டிராத கிருமியை எதிர்க்கும் புதிய அணுக்கள் முதுமையில் அருகிவிடுகின்றன. நீரிழிவும் இதய நோயும் உடன் சேர்ந்துகொள்கின்றன. இவை யாவும் உடலைப் பற்றிய செய்திகள். மனிதரின் மதிப்பைப் பற்றி இவற்றுள் ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் அதே மார்ச் 6 அன்று, இத்தாலியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், இடம் போதாத நிலை வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வயது வரம்பு வகுக்க நேரலாம் என எழுதியது. அவர்களைக் கல்லெறிய நாம் துணியோம். ஒரே சுவாசக் கருவி, இரண்டு நோயாளிகள் என்ற இக்கட்டில் நாம் நின்றதில்லை. யார் பிழைக்கக்கூடும் என்று ஆராய்வது மருத்துவரின் கடமை. அந்த ஆய்வில் வயதும் ஒரு சான்றாகலாம். ஆனால் 'இவர் வாழ்ந்து முடித்தவர்' என்று சொல்லும்போது நாம் ஆராய்வதை விட்டுவிட்டு, ஓர் உயிருக்கு விலை குறிக்கிறோம். முன்னது அறிவின் தீர்ப்பு; பின்னது நமக்கு அளிக்கப்படாத அதிகாரம். உயிருக்கான திருப்பீடக் கல்விக்கழகம் மார்ச் 30 அன்று வெளியிட்ட குறிப்பில், வயதைத் தனியொரு, தானியங்கி அளவுகோலாக்கலாகாது என வரையறுத்தது இதனாலேயே.

நற்செய்தியாளர் லூக்கா சிமியோனின் வயதைச் சொல்லவில்லை. இறைவாக்கினர் அன்னாவின் வயதையோ எண்பத்து நான்கு என்று குறித்து வைத்தார். அவர் இனி எத்தனை நாள் வாழ்வார் என்று கணக்கிட அன்று. கோவிலை விட்டு நீங்காமல் அத்தனை ஆண்டு காத்திருந்தாரே, அதைக் காட்டுவதற்கு.

மேற்சொன்ன அதே கணக்கு மற்றொரு வகையிலும் படிக்கப்பட்டது. 2021-இன் தொடக்கத்தில் இத்தாலியில் தடுப்பூசி பங்கிடப்பட்டபோது, மருத்துவப் பணியாளருக்கும் முதியோர் இல்லத்தாருக்கும் அடுத்து, எண்பதைக் கடந்தோரே பொதுமக்களுள் முதலில் அழைக்கப்பட்டனர். எந்த எண்ணைக் காட்டி அவர்களைக் கடைசிக்குத் தள்ளலாம் என்று பேசினார்களோ, அதே எண்ணைக் காட்டி அவர்களை முன்னே அழைத்தார்கள். இடையில் கழிந்தது ஓராண்டும் இல்லை.