சேம்சைடு கோலும் மருதையாற்றுப் பாலமும்

ஆந்த்ரேஸ் எஸ்கோபார் முரட்டு ஆட்டக்காரர் அல்ல; களத்தின் கனவான் என்றுதான் கொலம்பியாவில் அவருக்குப் பெயர். 1988இல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்டவர். 1989இல் மெடலினின் அத்லெட்டிகோ நசியோனால், கோப்பா லிபர்தடோரெஸை வென்ற முதல் கொலம்பிய அணியானபோது அதன் தடுப்பு வரிசையில் நின்றவர். அதெல்லாம் இன்று யாருக்கும் நினைவில்லை. நினைவில் நிற்பது 1994 ஜூன் 22 மட்டும்தான். பாசடீனாவில் அமெரிக்காவுடன் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், ஜான் ஹார்க்ஸ் அனுப்பிய பந்தை மறிக்கச் சறுக்கிக்கொண்டே காலை நீட்டினார். பந்து சொந்த வலைக்குள் போனது. 2-1 என்று தோற்ற கொலம்பியா, அடுத்த ஆட்டத்தை வென்றும் முதல் சுற்றோடு வெளியேறியது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அதிகாலையில், மெடலினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

கொலை அநியாயம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் பலரும் "தெரியாமல் நடந்ததற்கா கொல்வது?" என்று கேட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்பதாலேயே, நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிடாது. எஸ்கோபாரே அப்படி நினைக்கவில்லை. ஊர் திரும்பி, எல் தியெம்போ நாளிதழில் அந்தத் தோல்வியைப் பற்றித் தன் பெயரிலேயே எழுதினார். பிரிட்டிஷ் மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்காட்டினார். தன் தவறு எதுவுமின்றிக் குழந்தையொன்றை மோதிவிட்டவர். அவர் படும் வேதனையும் வழியில் நின்று பார்த்தவர் படும் வேதனையும் ஒன்றல்ல. ஒன்றாக இருந்தால் அந்த ஓட்டுநரைப் பற்றி நமக்கே சந்தேகம் வரும். ஆகக் குற்றமில்லாத இடத்திலும் ஒரு கடன் விழத்தான் செய்கிறது. ஆனால் அது செய்தவர் தானாக ஏற்கிற கடன். அதை வசூலிக்கும் உரிமை வேறு எவருக்கும் கிடையாது.

இதற்குச் சான்று தேட மெடலின்வரை போக வேண்டியதில்லை. பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரும் மருதையாற்றின் வெள்ளம் 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் பாலத்தை அரித்துவிட்டது. 23ஆம் தேதி விடியற்காலை, சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போது அவர் விலக முன்வந்ததை ஏற்காத நேரு, இம்முறை ஏற்றார். விபத்துக்குச் சாஸ்திரி காரணமல்ல என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டே ஏற்றார். குற்றம் இல்லை, பொறுப்பு உண்டு என்று ஓர் அரசு ஒரே மூச்சில் சொல்வது அடிக்கடி நடப்பதல்ல. துணை அமைச்சர் ஓ. வி. அழகேசனின் கதை வேறு. 1957 தேர்தலில் திமுக அவர் பெயரோடு அரியலூரைச் சேர்த்து முழக்கமாக்கியது. அமைச்சரை மாற்றும் உரிமை வாக்காளருக்கு உண்டுதான்; மாண்டவர்களின் கணக்கை ஒரு தனி மனிதரின் தலையில் எழுதும் உரிமை அதற்குள் அடங்காது.

தானாக ஏற்றால்தான் கடன் என்றால், ஏற்காதவர் தப்பிவிட மாட்டாரா? பாலத்தைப் பார்வையிட வேண்டியவர் பார்க்காமல் விட்டால் அது கவனக்குறைவு. அதற்கு விசாரணையும் தண்டனையும் இருக்கின்றன. எஸ்கோபார் அன்று தன் காலை நீட்டாமல் நின்றிருந்தால் அதுதான் கவனக்குறைவு. இதைவிட வலுவான மறுப்பு மனுநீதிச் சோழனிடமிருந்து வருகிறது. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற இந்தச் சீமையில் அந்தக் கதைதான் நீதிக்கு இலக்கணம். இளவரசனின் தேரில் சிக்கிக் கன்று இறந்தது அவன் அறியாமல் நடந்தது, கழுவாய் போதும் என்று அமைச்சர்கள் சொல்லியும், அரசன் மகன்மேல் தேரை ஓட்டினான். கடன் தன்னுடையது என்று எண்ணியவன் கொடுத்தது மகனுடைய உயிரை. இதை நான் நீதியென்று ஒப்பமாட்டேன். பெரியபுராணமும் முழுமனதாக ஒப்பியதாகத் தெரியவில்லை. தேரோட்டப் பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விடுகிறார். கடைசியில் இறைவனே வந்து கன்று, மகன், அமைச்சர் எல்லோரையும் எழுப்பித் தர வேண்டியிருக்கிறது. சரியான தீர்ப்புக்கு இத்தனை திருத்தம் எதற்கு?

எல்லாம் அவரவர் ஊழ் என்பவர்களும் உண்டு. ஆற்றில் போனவர்களின் வீட்டார் தங்களைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது. வெளியே நிற்பவர் அதையே சொன்னால், எஸ்கோபாரைச் சுட்டவரும் வெறும் கருவியாகிவிடுகிறார். கொலம்பிய நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. தெரிந்தே செய்ததற்கான கடனைப் பிறர் வசூலிக்கலாம், வசூலிக்கவும் வேண்டும். சுட்ட உம்பெர்தோ முனோஸ் காஸ்த்ரோவுக்கு 43 ஆண்டுச் சிறை விதித்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டு, 2005இல் அவர் வெளியே வந்துவிட்டார். கேட்கக் கூடாத கடனை எஸ்கோபாரிடம் பத்தே நாளில் கேட்டுத் தீர்த்த ஊரில், கேட்க வேண்டிய கடன் பாதிக்கு மேல் நின்றுபோனது.