சைக்கிளும் சுயமரியாதையும்

யந்திரங்கள் பெருகப் பெருக மனிதர் கெட்டுப் போகின்றனர் என்று சொல்லுவோர் நம்மிற் பலர். கல்யாணப் பந்தலாயினும், சங்கக் கூட்டமாயினும், நாலு பெரியவர்கள் ஒன்று கூடினால் பேச்சு இவ்விஷயத்தில்தான் வந்து நிற்கிறது. கைத்தொலைபேசி வந்தது, பிள்ளைகள் பெற்றோர் முகத்தைப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிள் வந்தது, வாலிபர் வீடு தங்குவதில்லை. பணம் ஒன்றே குறியாயிற்று, உறவும் ஒற்றுமையும் ஒழிந்தன என்பது அவர்கள் முறையீடு. இம்முறையீட்டில் உண்மை சிறிதும் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் வழக்கைச் செவ்வையாக விசாரிப்பது அறிவுடையோர் கடமையன்றோ? ஒரு கருவி மனிதனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதன் இயல்பினாலா, அதை உடையவனது விருப்பத்தினாலா, அன்றி வேறெதனாலா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் பாட்டனும் பூட்டனும் ஏறிய சைக்கிள் ஒன்றே போதும்.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரைச் சேர்ந்த கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரியதொரு வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்கு முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகளிற் சில. அவற்றினிடையே இன்னொன்றும் இருந்தது. துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தரும் எதிரே வருங்கால், தொழிலாளி தன் சைக்கிளை விட்டுக் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலி வயிற்றைப் பற்றியது. பள்ளி அறிவைப் பற்றியது. கள்ளுக்கடை குடும்பத்தைப் பற்றியது. இவற்றின் நடுவே சைக்கிளுக்கு என்ன வேலை என்று வியப்பாரும் உளர். சற்று நிதானித்துப் பார்ப்போமாயின், மற்றெல்லாக் கோரிக்கைகளுக்கும் உயிர் அதுவே என்பது விளங்கும். சைக்கிள் வருமுன் தொழிலாளியின் உலகம் லயத்திலிருந்து பெரட்டு மைதானத்துக்கும், அங்கிருந்து மரங்களுக்கும், மீண்டும் லயத்துக்குமாகச் சுருங்கிக் கிடந்தது. சைக்கிள் அவனை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு போயிற்று. பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வரச் செய்தது. பிரசங்கம் கேட்கச் செய்தது. பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று விசாரித்து வரச் செய்தது. மனிதனை நீட்டித்த கருவி அது. அதன்மேல் ஏறியவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவனைக் கண்டு பொறாத ஆதிக்கம், ‘ஏறுவது உன் காசு, இறங்குவது என் கட்டளை’ என்றது.

இதிலே கவனிக்கத்தக்க வேடிக்கை ஒன்று உண்டு. சைக்கிளின் சக்கரம் ஓடுவதே ரப்பரின்மேல். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் சிறு மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதனாற் பிறந்த தேவையும், பின்னர் மோட்டார் கார்களாற் பெருகிய தேவையுமே, 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளின் சந்ததியை இந்நாட்டுக் காடெங்கும் பரப்பின. கடல் கடந்து நம்மவரையும் இங்குக் கொண்டு வந்து சேர்த்தன. ஆக, டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவன் எவனோ, அவனே அந்த டயரின்மேல் அமர்ந்து செல்ல அனுமதியின்றி மண்ணில் இறங்கி நின்றான்.

கருவி ஒருபோதும் தனியே வருவதில்லை என்பதற்கு ரப்பரே சாட்சி. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை நாள்தோறும் புதுப்பித்துப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். அறிவியலுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அதிகாலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் அப்பொழுதுதான் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆகவே தாய் இருட்டில் எழுந்தாள். தூங்கும் குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போயிற்று. மூத்த பெண் தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளியை மறந்தாள். மரத்தின் இயல்பு வீட்டின் ஒழுங்காயிற்று.

அதற்கும் மேலாக, ஒருவரும் கண்ணாற் காணாத சந்தையின் விலை அடுப்பின் ஒழுங்காயிற்று. லண்டனில் 1925இல் ஒரு ராத்தல் ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. 1932இல் இரண்டு பென்ஸுக்கும் கீழே வீழ்ந்தது. அந்த மந்த காலத்தில் கூலி குறைக்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மரமும் கத்தியும் மாறவில்லை. மனிதரின் உழைப்பும் குறையவில்லை. எங்கோ எழுதப்பட்ட ஓர் எண் மாறிற்று. இங்கே பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். அதைத் தலைவிதி என்று சொல்லி ஆறுதல் கொண்டோரும் உண்டு. மனிதர் எழுதிய கணக்கைக் கடவுள் எழுதியதாக நம்புவதைவிடக் கொடிய மூடநம்பிக்கை வேறுண்டோ?

இவ்விடத்தில் இருதிறத்தார் எதிர்வாதம் செய்யக்கூடும். கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம். ஆகையால் கருவி குற்றமற்றது என்பர் ஒரு சாரார். இது பாதி உண்மை. பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவன் எவனாயினும் அதிகாலையில் எழுந்தே தீர வேண்டும். கருவி தனக்கென ஒரு வாழ்க்கைமுறையைக் கூடவே கொண்டு வருகிறது. யந்திரமே வேண்டாம், பழமையே நன்று என்பர் மற்றொரு சாரார். அச்சு யந்திரமும் புகைவண்டியும் இல்லையெனில், 1929இல் பெரியார் இந்நாட்டுக்கு வந்து பேசிய பேச்சு ஊரூராய்ப் பரவியிருக்குமா? 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு தோட்டத்து லயங்களிலே உரக்க வாசிக்கப்பட்டிருக்குமா? பழமை வேண்டுவோர் அதனுடன் சாதியையும், கங்காணியின் பிரம்பையும், கள்ளுக்கடையையும் சேர்த்து வேண்டத் துணிவார்களா?

ஆகவே என் கருத்து இது. ஒவ்வொரு கருவியோடும் ஒரு விதி வருகிறது. அவ்விதியைக் கண்ணாற் காணவும், வாயாற் கேள்வி கேட்கவும், பலர் கூடி மாற்றவும் இயலுமாயின் கருவி மனிதனுக்கு ஏவலாள். இயலாதாயின் மனிதன் கருவிக்கு ஏவலாள். கிள்ளான் தொழிலாளர் சைக்கிளைக் குறை கூறவில்லை; அதை விட்டெறியவுமில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட விதியைப் பெயர் சொல்லிக் காட்டி, ‘இது வேண்டாம்’ என்றனர். அதற்காக நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். எனினும் அவ்வாறு கேட்ட அந்நாளில்தான், கங்காணியின் ஆட்களாயிருந்தவர்கள் ஒரு சமுதாயமானார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ரப்பர் நின்ற நிலங்களிற் பெரும்பாலானவை செம்பனைக்கும், ஆலைகளுக்கும், வீட்டு மனைகளுக்கும் போயின. பிராங் பெசார் தோட்டமிருந்த மண்ணில் 1995 முதல் புத்ராஜெயா எழும்பிற்று. லயங்களில் இருந்தோர் பட்டணத்து மலிவு விலை அடுக்கு வீடுகளுக்குப் பிரிந்து போயினர். அவர்களுடைய பேரப் பிள்ளைகளிற் பலர் இன்று மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வீடு உணவு கொண்டு போகின்றனர்.

அத்தகைய ஒரு வாலிபனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய பாட்டியாரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சடங்கில் எனக்கு நம்பிக்கையில்லை. உறவினர் வரிசையாய் அமர்ந்துண்ணும் பந்தியில் உண்டு. அவன் எனக்கு எதிரே இலையில் உட்கார்ந்தான். பாதிச் சோற்றில் சட்டைப்பையிலிருந்து தொலைபேசி கூவிற்று. அவன் அதைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டு மரியாதை இல்லை’ என்றார் அவனுடைய பெரியப்பா. பந்தியிலிருந்த எல்லாரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன்.

சில நாள் கழித்து அவனைக் கண்டபோது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ‘அண்ணே, கூப்பிடும்போது எடுக்காவிட்டால் மறுநாள் வேலை குறைந்துவிடும் என்கிறார்கள்’ என்றான். யார் சொல்கிறார்கள் என்றேன். ‘எல்லாரும் சொல்கிறார்கள்.’ அது விதியா என்றேன். ‘தெரியாது அண்ணே. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது’ என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ஒரு தோட்டத்துக் கிராணி. வேலைக்கு வந்தோர் பெயரைப் பதிவதும், வராதோர் நாளைக் கழிப்பதும் என் தொழில். அவன் பாட்டனார் தம் சைக்கிளை விட்டு இறங்கியது துரைக்கு முன்னால் மாத்திரம் அன்று. என் நாற்காலியில் அந்நாளில் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னாலும் இறங்கியிருப்பார். அவரை ‘ஐயா’ என்றழைத்திருப்பார். பேரன் என்னை ‘அண்ணே’ என்றழைக்கிறான். அந்த அளவுக்கு நாம் வளர்ந்தோம், மகிழ்ச்சிதான். ஆனால் பாட்டனார் இறங்கியபோது எதிரே ஒரு முகம் இருந்தது. கங்காணிக்கு முகம் உண்டு. அவனைக் கெஞ்சலாம், திட்டலாம், அவன்மேல் புகார் எழுதலாம். என் பதிவில் பிழையிருந்தால் என் மேசைக்கு முன் வந்து நின்று சண்டையிடலாம். பலர் அவ்வாறு வந்ததுண்டு. அவர்கள் பக்கமே நியாயம் இருந்ததும் உண்டு. பேரனோ, பாட்டியின் இலையிலிருந்து முகமில்லாத ஒன்றுக்கு முன்னால் இறங்கினான். அவனை அவமரியாதைக்காரன் என்று தலையசைத்த நாங்கள், அவனே அவமதிக்கப்பட்டவன் என்பதைக் காணவில்லை.

நம் வாலிபர் மனம் கெட்டுவிட்டது என்னும் முறையீட்டின் உண்மை இங்கேதான் இருக்கிறது. விதியைக் காண முடியாதவன் அதனோடு வாதிட முடியாது. வாதிட முடியாதவன் தன் அச்சத்தைத் தன் சுறுசுறுப்பென்றும், பிறன் வீழ்ச்சியைத் தன் அதிர்ஷ்டமென்றும் எண்ணப் பழகுகிறான். அன்று ஒரே லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் தங்கள் குறையை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இன்று ஆயிரம் பேர் ஒரே வேலையை ஒரே தெருவில் செய்கின்றனர். ஒருவன் கூலி மற்றவனுக்குத் தெரியாது. முதலாளித்துவம் அன்று நம்மைச் சுரண்டுவதற்காக ஒன்றாய் அடைத்து வைத்தது. இன்று நம்மைத் தனித்தனியே ஓடவிட்டே அதே பயனை அடைகிறது.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. இத்தகைய தொழிலாளருக்காக இயற்றப்பட்ட சட்டம் சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வேலையிற் காயமுற்றால் நஷ்டஈட்டுக்கும், தங்களுக்கெனப் பிரதிநிதிகளைக் கொள்வதற்கும் அது வழி செய்கிறது. மலேசியப் பாராளுமன்றமும் அவ்வாண்டிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் கேட்பவனுக்கே பயன்படும். கேட்பதற்கு நாலு பேர் கூடவேண்டும். கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, நாட்கூலி வாங்கிய தொழிலாளரும் தங்கள் வெள்ளியைக் கொடுத்தனர். அந்த மரபினர் தங்கள் ஊர் மண்டபத்தில், இரவில் வேலை முடித்து வரும் இளைஞருக்கு வாரம் ஒரு நாள் விளக்கேற்றி வைத்து, அவர்கள் தங்கள் வரவையும் செலவையும் காயத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இடங்கொடுக்க மாட்டார்களா? அதே தொலைபேசியைக் கொண்டே அவர்களை அழைக்கலாமே! அப்பொழுது கருவியின் குணமே மாறிவிடுமன்றோ?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சோறு பத்து நிமிஷம் தாமதித்து வந்ததற்காக, வீட்டிலிருந்தபடியே அப்பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் விரல் யாருடையது? நம்முடையதே. அந்த நொடியில் நாமே துரையாகிறோம். மழையில் நனைந்து வந்தவனை நம் வாசலில் இறக்கி நிறுத்துகிறோம். துரைத்தனம் நம் விரல் நுனியிலும் குடிபுகும் என்பதை அறிந்து அதை அடக்குவதும் சீர்திருத்தமே.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளைப் பார்த்து ‘அதைக் கீழே வை’ என்று மாத்திரம் சொல்லாதீர்கள். ‘இது உன்னை யாருக்கு முன்னால் இறக்குகிறது?’ என்று கேட்கக் கற்றுக் கொடுங்கள். அன்று சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். தெரிந்த நாம் அந்தக் கேள்வியையேனும் மறவாதிருப்போமாக.